பொன்மலையில் அர்ஜுனன் வேஷம் கட்டியவர்

மலர்க் குழு நண்பர்கள் இந்த வருஷமும் என்னை விடவில்லை. ஹாஸ்டல் மெஸ் ரசம், பரீட்சை ஹால் கூத்து, டூர் போன கதை இதெல்லாம் போன மலர்களிலேயே வந்துவிட்டது, புதுசா ஏதாவது எழுதுங்க என்றார்கள். சரி, எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். கூட்டத்தில் ஒரு சிரிப்பு. இப்போ படிக்கிற பிள்ளைங்க யாரு சார் அவரு, திருவையாறு ஆராதனை நடக்குமே அவரான்னு கேட்பாங்க என்றார் ஒரு நண்பர். கேட்கட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஊர் வழக்கைத் தீர்த்துவிடலாம். பாகவதர் பிறந்தது மாயவரத்தில், 1910ஆம் வருஷம். ஆனால் வளர்ந்தது, பாடக் கற்றது, மேடை ஏறியது, வீடு கட்டியது, கடைசியில் மண்ணுக்குள் போனது எல்லாம் திருச்சி. மாயவரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, நகைத் தொழில் செய்தவர். பையனும் தொழிலைப் பழக வேண்டும், இல்லை பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக வேண்டும் என்று எதிர்பார்த்தார். பையனுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பாட்டு, பாட்டு, பாட்டுதான். ஒருநாள் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். தேடித் தேடிக் கடைசியில் கடப்பாவில் கண்டுபிடித்தார்களாம். அப்பா போய்ப் பார்க்கும்போது பையன் ஒரு கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தான், ஜனங்கள் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அடிக்கவில்லை. ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து பஜனைகளில் பாட விட்டார். தமிழ்நாட்டில் எத்தனை அப்பாக்கள் அந்தக் கட்டத்தில் பெல்ட்டைக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் திருச்சியில் எஃப்.ஜி. நடேச அய்யர் என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம், நாடகப் பைத்தியம். 1914இல் ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தவர் அவர்தான். பையனின் குரலைக் கேட்டுவிட்டு அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அப்போது பையனுக்குப் பத்து வயசு இருக்கும். மயானத்தில் அம்மாவின் மடியில் பிணமாகக் கிடக்கிற அந்தச் சின்ன வேஷத்தில்தான் ஆரம்பம். பிறகு பிடில் வித்வான் மதுரை பொன்னு அய்யங்காரிடம் வருஷக்கணக்கில் சங்கீதம். ஆலத்தூர் வேங்கடேச அய்யரிடமும் பாடம். நடிப்புக்கு நடராஜ வாத்தியார். சும்மா குரல் இருந்ததால் ஸ்டார் ஆனவர் என்று நினைக்கக் கூடாது. அடித்தளம் பலமாகப் போடப்பட்டது.

இனி நம்ம ஏரியாவுக்கு வருகிறேன். 1926இல், பதினாறு வயதில், 'பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனனாக அவர் மேடை ஏறியது பொன்மலையில். காட்டூரில் இருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். ஜோடி எஸ்.டி. சுப்புலட்சுமி. அன்றைக்கு ராத்திரி நடேச அய்யர் மகிழ்ந்துபோய் பாகவதர் என்று பட்டம் சூட்டினார் என்பது ஒரு கட்சி. அரங்கேற்றத்தில் கஞ்சிரா வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளைதான் அப்படிக் கூப்பிட்டார் என்பது இன்னொரு கட்சி. நான் காட்டூர்க்காரன், பொன்மலைக் கட்சி. வேறு எப்படி இருக்க முடியும்?

எங்கள் தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அந்த 1926 நாடகத்தை நேரில் பார்த்ததாகச் சொல்லுவார். அர்ஜுனன் தலையில் என்ன கிரீடம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஜிகினா எப்படி மின்னியது, கடைசி வரிசையில் நின்றவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் எப்படிக் கேட்டது, எல்லாம் சொல்லுவார். சின்ன வயசில் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். பி.காம். படிக்கும்போதுதான் ஒருநாள் கணக்குப் போட்டேன். ஒர்க்ஷாப் நாகப்பட்டினத்தில் இருந்து பொன்மலைக்கு மாறியது 1928இல். தாத்தா அதோடு வந்தவர். 1926இல் அவர் நாகப்பட்டினத்தில் இருந்திருக்கிறார்! கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பார்த்தவங்க சொன்னதைக் கேட்டதும் பார்த்த மாதிரிதான்டா என்றார். பொன்மலை காலனியில் பாதிப் பேர் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த நாடகமே 1934இல் சினிமா ஆயிற்று. டைரக்டர் கே. சுப்ரமணியம், பாட்டுக்குப் பாபநாசம் சிவன். படத்தில் ஐம்பது பாட்டுக்குக் குறையாது. ஐம்பது! இன்றைக்கு நாலு பாட்டு இருந்தாலே எழுந்து வெளியே போகிறோம். ஆனால் எண்ணிக்கையை விட எனக்கு ஆச்சரியம், அதைப் பதிவு செய்த விதம். பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே அப்போது நம்மிடம் வரவில்லை. நடிக்கிறவரே காமிரா முன்னால் நின்று பாட வேண்டும். ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் காமிராவில் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். சூரிய வெளிச்சத்தில் படப்பிடிப்பு, மேகம் வந்தால் நின்றுவிடும். சாப்பாட்டு நேரத்தில் காக்கைகள் கூடிக் கத்த, அவற்றை விரட்ட ஏர்கன்னோடு ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. நடுவில் ஒரு ஸ்வரம் பிசகினால் முதலில் இருந்து எல்லாம் திரும்ப. அப்படிப் பாடித்தான் இருபத்து நாலு வயசுப் பையன் ஜெயித்தான்.

ஏன் இவ்வளவு உச்ச ஸ்தாயியில் பாடுகிறார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் வளர்ந்த குரல் அது. பெஞ்சு, தரை டிக்கெட், வேலிக்கு வெளியே ஓசியில் நிற்பவன் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். அவருக்கு முன்னால் எஸ்.ஜி. கிட்டப்பா அப்படித்தான் பாடினார். 1933இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர் விட்ட இடத்தில் பாகவதர் வந்து நின்றார். ஆனால் கத்தல் கிடையாது. மேலே போகப் போகக் குரல் மெலிந்து கம்பி மாதிரி இழையும், அறுகாது. கேட்டால்தான் தெரியும்.

1937இல் இரண்டு படம். ஒன்று 'சிந்தாமணி', தாசியின் மோகத்தில் விழுந்து பிறகு கண்ணன் பக்தனாகும் பில்வமங்கள் கதை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. எடுத்த மதுரை ராயல் டாக்கீஸார் வந்த லாபத்தில் மதுரையில் தியேட்டரே கட்டி அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். இன்னொன்று 'அம்பிகாபதி'. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காக்காரர், தமிழ் தெரியாதவர். கம்பர் மகன் கதையை அவர் எடுத்து, அதுவும் பிய்த்துக்கொண்டு ஓடியது. பிறகு 'திருநீலகண்டர்' 1939, 'அசோக் குமார்' 1941, 'சிவகவி' 1943. தோள் வரை புரளும் கிராப்பை அவரைப் பார்த்து வளர்க்காத வாலிபன் கிடையாது. பாகவதர் கிராப் என்றே பெயர். அவர் ரயிலில் போகிறார் என்று தெரிந்தால் வழி ஸ்டேஷன்களில் கூட்டம் கூடிவிடும், வண்டி கிளம்பாது என்பார்கள். தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்பார்கள். யுத்த நிதிக்குக் கச்சேரி செய்து கொடுத்ததற்காக திருவெறும்பூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் தர கவர்னரே முன்வந்தார், இவர் வேண்டாம் என்றார் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அங்கே மனை விலை ஏற ஏறக் கதையில் ஏக்கரும் ஏறிக்கொண்டு வருகிறது.

அப்புறம் 'ஹரிதாஸ்'. 1944 அக்டோபர் 16, தீபாவளி ரிலீஸ். சென்னை பிராட்வே தியேட்டரில் 110 வாரம். மூன்று தீபாவளி பார்த்த படம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சின்ன வயசில் இருந்து கேட்டிருக்கிறேன். அதன் உள்ளே இருக்கிற இன்னொரு கணக்கை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர். டிசம்பர் கடைசியில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரி வைத்து விசாரணை. 1945 மே 3ஆம் தேதி தீர்ப்பு, ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீல் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, மறுபடி ஹைகோர்ட்டில் விசாரித்து, 1947 ஏப்ரல் 25ஆம் தேதி குற்றமற்றவர்கள் என்று இருவரும் விடுதலை ஆனார்கள். வக்கீல் வி.எல். எத்திராஜ் வாதாடினார்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 'ஹரிதாஸ்' பார்த்த மூன்று தீபாவளியில் ஒன்றில்தான் பாகவதர் வெளியே இருந்தார். 1945 தீபாவளிக்கும் 1946 தீபாவளிக்கும் அவர் ஜெயிலில். பிராட்வேயில் டிக்கெட் கவுன்டரில் வரிசை, திரையில் சாருகேசியில் அவர் பாட ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள், பாடினவர் கம்பிக்குள். எனக்கு இது தெரிந்தபோது இரண்டு நாள் மனசு சரியில்லை.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் ஒரு கைச்சாவி கிராமபோனும் பாகவதர் தட்டுகள் பதினொன்றும் இருந்தன. கடனுக்கு வாங்கியது. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் ஓடும், ஒவ்வொரு தடவையும் ஊசி மாற்ற வேண்டும். சாயங்காலம் ஒர்க்ஷாப் சங்கு ஊதி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தட்டு போட்டால் லைன் வீட்டுக்காரர்கள் திண்ணையில் வந்து உட்காருவார்களாம். 1945 மே மாதம் தீர்ப்பு வந்த அன்று, பதினொன்றையும் பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். என்னப்பா உங்க பாகவதர் கொலைகாரர் ஆயிட்டாரே என்று கேலி செய்தவனோடு ரொம்ப நாள் பேசவே இல்லை. 1946 செப்டம்பரில் பொன்மலையில் தொழிலாளர் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் செத்தார்கள். அந்த வருஷங்களில் வீட்டில் பாட்டுச் சத்தமே கிடையாது என்று பாட்டி சொல்லும். விடுதலைச் செய்தி வந்த அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டி திறந்தது.

விடுதலைக்குப் பிறகு ஐந்து படம். 'ராஜமுக்தி' 1948, 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் 1952, அவரே டைரக்ட் செய்த 'புது வாழ்வு' 1957, இறந்த பிறகு 1960இல் வந்த 'சிவகாமி'. முன்னே ஒன்பது, பின்னே ஐந்து, மொத்தம் பதினாலே படம். பின்னால் வந்த ஐந்தும் எடுபடவில்லை. ஜெயிலுக்குப் போனவர் என்பதால் ஜனங்கள் ஒதுக்கினார்கள் என்று பொதுவாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒதுக்கியிருந்தால் 'ஹரிதாஸ்' 1946 வரை எப்படி ஓடும்? அதே வழக்கில் அதே ஜெயிலில் இருந்துவிட்டு வந்த என்.எஸ்.கே. 'நல்லதம்பி', 'மணமகள்' என்று வெற்றிப் படமாகவே கொடுத்தாரே? காலம்தான் மாறிவிட்டது. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி'. ஜனங்கள் பாட்டை விட்டு வசனத்துக்குப் போய்விட்டார்கள். நடிக்கத் தெரிந்தவர் நடிக்கலாம், பாடுவதற்கு வேறு ஆள் இருக்கிறார் என்று ஆகிவிட்டது. 'அமரகவி'யும் 'பராசக்தி'யும் ஒரே வருஷம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தாத்தா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். காலமும் இல்லை, ஜனங்களும் இல்லை, மனுஷனுக்கே உள்ளே விட்டுப் போச்சுடா என்பார். 'ராஜமுக்தி'யை முதல் வாரமே போய்ப் பார்த்தவர். குரல் அப்படியே இருந்தது, பாடுகிற ஆசைதான் இல்லை என்பது அவர் தீர்ப்பு. பாதி கொட்டகை காலியாம். பாதி காலியான கொட்டகையில் பாகவதர் பாடியதை அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை. யார் சொல்வது சரி என்று இன்றும் எனக்கு நிச்சயம் இல்லை. கோவில் கோவிலாகப் போய்ப் பாடினார், கச்சேரி செய்தார், சர்க்கரை வியாதி, கண் பார்வை மங்கல். 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது. வயசு நாற்பத்தொன்பது. உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். தாத்தா சைக்கிள் மிதிக்க, அப்போது இருபத்தொரு வயசான என் அப்பா பின்னால் கேரியரில். திரும்பி வரும்போது தாத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரை நடந்து வந்தார், ஏறவே இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இப்போது நான் முதலில் பாக்கி வைத்த காரணம். 1986. நம்ம செட்டில் ஹாஸ்டல் பையன்கள் டேப் ரிக்கார்டரில் பீட்டில்ஸ், டீப் பர்ப்பிள் என்று கேட்ட காலம். யார் ரூமில் என்று இங்கே எழுதவில்லை, படிக்கிறவருக்குத் தெரியும். பீட்டில்ஸின் முதல் ஆல்பம் எனக்கு உயிர். பாதிக்கு மேல் பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பாடி முடித்தார்கள், லெனனுக்கு ஜலதோஷம், தொண்டை போய்விடும் என்று கஷ்டமான பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள் என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவேன். ஒட்டுப் போடாமல் நின்ற இடத்தில் பாடுவதுதான்டா பாட்டு என்று பெரிய மனுஷன் மாதிரி பேசுவேன். அதே வேலையைப் பாகவதர் 1934லேயே வெட்டவெளியில் நின்று செய்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தாத்தா தட்டு போட்டால் இழுத்து இழுத்து நடித்துக் காட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தாத்தா பொன்மலை சந்தைக்குப் போயிருந்தார். அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று 'திருநீலகண்டர்' தட்டு ஒன்றை எடுத்து ஒரு விரலில் சுற்றிக் காட்டினேன். அரக்குத் தட்டு, விழுந்தால் கண்ணாடி. நாலு துண்டாகப் போனது. பயத்தில் துண்டுகளை உறைக்குள்ளேயே சொருகி வைத்துவிட்டு நண்பர்களோடு வெளியே போய்விட்டேன். ராத்திரி வந்தால் தாத்தா திண்ணையில் இருந்தார். பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவர் கிராமபோனைத் திறந்ததே இல்லை. 1991இல் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை.

அவர் காரியமெல்லாம் முடிந்து பெட்டியை ஒழித்தபோது மீதிப் பத்துத் தட்டோடு அந்த நாலு துண்டும் உறையில் பத்திரமாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நானாக ஒரு தட்டை வைத்துச் சாவி கொடுத்தேன். கரகரவென்று ஒரு இரைச்சல், அதன் நடுவே இருந்து அந்தக் குரல் எழுந்தது. மூன்று நிமிஷம். முடிந்ததும் ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பீட்டில்ஸ் இன்றும் கேட்கிறேன், அதில் ஒன்றும் மாற்றம் இல்லை.

பழைய தட்டு சேர்க்கிறவர்கள் நம் சங்கத்தில் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். 'திருநீலகண்டர்' தட்டு இன்னும் கிடைக்கவில்லை. செல்போனில் அந்தப் பாட்டு நொடியில் வந்துவிடுகிறது, எனக்கு வேண்டியது தட்டு. கிராமபோன் காட்டூர் வீட்டில் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. ரீயூனியனுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் வரலாம், மாணவர்களும் வரலாம், காப்பி உண்டு. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் பாட்டு பாதியில் இழுக்கும். அப்போது மட்டும் யாராவது எழுந்து சாவி கொடுக்க வேண்டியிருக்கும்.